மாமா தலை போச்சு!

"மாமா, தலை போச்சு!"

டிவியில தலை உருண்டுச்சு, ரத்தம் தெறிச்சுது. சோபாவுல தம்பி துள்ளிக் குதிச்சான்.

சாப்பாட்டுத் தட்டோட வந்த அக்கா அவனை முறைச்சா.

அவ புருஷன் கிரேன் ஓட்டறவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, இப்பத்தான் விரல் லேசா அசையுது. தம்பிக்கோ, தினம் பிளம்பிங் வேலை முடிஞ்சதும் நேரா இங்க வந்து, வீடியோ கேம்ல அந்த மனுஷனை வெட்டிச் சாய்ச்சாத்தான் தூக்கமே வரும்!

"ஏன்டா, மனசுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? ஒரு தடவை விட்டுக்குடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"சண்டைன்னா சண்டைதான்க்கா. மாமா, அது கையா, காஞ்ச கத்திரிக்காயா? தூக்குங்க கோடரியை!"

"வாடா, உன் தோலை உரிக்கறேன்!" மாமா பல்லைக் கடிச்சார்.

"முதல்ல வாயைத் திறங்க"ன்னு ஸ்பூனால ஊட்டி விட்டா அவ.

மறுநாள் தம்பி வர்றதுக்கு முன்னாடியே கேமைப் போட்டு, புருஷன் பக்கத்தை மட்டும் 'ரொம்ப ஈஸி'ன்னு மாத்தி வெச்சா. தினம் பாக்கறவளுக்கு இதுகூடவா தெரியாது?

அன்னைக்கு மாமா சும்மா ஒரு தட்டுதான் தட்டினார். தம்பி தலை பம்பரமாட்டம் பறந்துச்சு. அடுத்த ரவுண்டும் அப்படியே.

"பாத்தியா என் புருஷன் வீரத்தை!" அவ கை தட்டினா.

அவர் சிரிக்கலை. கன்ட்ரோலரைக் கீழே வெச்சார்.

"யாருடி மாத்தினது?"

"நான்தான்... பாவம், தினம் தோக்கறீங்களேன்னு..."

"பாவமா! டாக்டர் பாவம்னார். மேனேஜர் பாவம்னார். பக்கத்து வீட்டுக்காரன் என்கிட்ட பச்சைக் குழந்தைகிட்ட பேசற மாதிரி பேசறான். என்னையும் ஒரு ஆளா மதிச்சு வெட்டறது இவன் ஒருத்தன்தான்டி! இவனைப் பழி வாங்கணும்கற வெறியிலதான் விரலே அசைஞ்சுது. அதையும் கெடுத்துட்டியே!"

தம்பி, சீலிங்ல என்னமோ ஒழுகற மாதிரி அண்ணாந்து பாத்தான்.

அவ கேமைப் பழையபடி மாத்தினா. தட்டை மேஜையில வெச்சா. தம்பியைத் தோளைப் பிடிச்சுத் தள்ளினா.

"எழுந்திரிடா. கோடரிக்கு எதை அமுக்கணும்?"

"அப்ப எனக்குச் சாப்பாடு?"ன்னார் புருஷன்.

"தட்டுல இருக்கு, நீங்களே எடுத்துச் சாப்பிடுங்க. கோடரி தூக்கற கைக்கு ஸ்பூன் தூக்க வராதா? சீக்கிரம் ஆகட்டும். உங்க தலையை வெட்டணும்!"