பழைய மோட்டார் எங்கே?

"பழைய மோட்டார் எங்கே?"

மும்பை போய்விட்டு வந்த மனிதர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேட்ட முதல் கேள்வி இதுதான். விஜயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, மெக்கானிக் செங்கல்வராயனை வரவழைத்து, படுக்கையறை ஏசிக்குப் புது ஃபேன் மோட்டார் மாட்டியிருந்தாள். புதுப்பட்டினத்தின் கடல் காற்றுக்கு எந்த இரும்புதான் தாங்குகிறது? பேரிங் துருப்பிடித்து, அந்த ஏசி மாவு மில் மாதிரி கத்திக்கொண்டிருந்தது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கேலி பேசிவிட்டுப் போனார்கள். பக்தவத்சலம் மட்டும் அசையவில்லை. "ஓடுதில்ல? ஓடட்டும்" என்பார். அணு ஆராய்ச்சி நிலையத்தில் கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர் பேசுகிற பேச்சா இது?

புது மோட்டாரோ ஓடுவதே தெரியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை என்று தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

கணவருக்குக் கருமித்தனம் என்று அவள் எப்போதோ முடிவு கட்டியாயிற்று. கூடவே காதும் மந்தம். சுவருக்கு அந்தப் பக்கம் ரெபேக்காளின் வீடு. மூளைக் காய்ச்சல் வந்ததிலிருந்து அவளுடைய மகனுக்குப் பேச்சு போய்விட்டது. வளர்ந்த பிள்ளை, நினைத்த நேரத்தில் அலறுவான். ஏசி சத்தத்தையும் மீறி நன்றாகவே கேட்கும். "பாவம், கத்துறான் பாருங்க" என்றால், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று இவர் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

"பழசை மெக்கானிக் எடுத்துட்டுப் போயிட்டான். அதானே வழக்கம்? உள்ளே இருக்கிற செம்புக் கம்பி அவனுக்கு."

மனிதர் சட்டையைக்கூட மாற்றாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். ஒரு பிடி செம்புக் கம்பிக்காக மெக்கானிக்கோடு மல்லுக்கு நிற்கப் போகிறாரே என்று விஜயகுமாரிக்கு மானம் போயிற்று.

அவர் போன சற்று நேரத்தில் ரெபேக்காள் வந்து வாசலிலேயே நின்றாள். செங்கல்பட்டுப் பக்கம் வேறு வீடு பார்க்கிறாளாம். சாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வந்தாளாம்.

"என்னம்மா திடீர்னு?"

"உங்க ஏசி சத்தம் நின்னுபோச்சேக்கா."

விஜயகுமாரிக்கு விளங்கவில்லை.

"இவன் கத்துறான்னுதான் போன வீட்லல்லாம் காலி பண்ணச் சொன்னாங்க. இங்க குடி வந்தன்னைக்கே சார்கிட்ட சொல்லிட்டேன். அவர் சிரிச்சார். 'எங்க ஏசி போடுற சத்தத்துல எங்களுக்கு எதுவுமே காதுல விழாதும்மா, நிம்மதியா இருங்க'ன்னார். அந்தச் சத்தம் கேட்டுட்டு இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும். இப்ப உங்களுக்கு எல்லாம் கேக்குமேக்கா."



ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த செங்கல்வராயன், பழைய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு புலம்பியபடியே இறங்கினான்.

"நீயே கேளும்மா. பேரிங் பூட்ச்சு, தடதடன்னு ஆடிக்கினு கீது. காயலாங்கடைக்குப் போற மோட்டாரைத் திரும்ப மாட்டச் சொல்றாரு. புதுசுல இன்னா கொறைன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேன்றாரு."

வாசலில் ரெபேக்காளைப் பார்த்ததும் பக்தவத்சலம், தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

விஜயகுமாரிதான் பதில் சொன்னாள்.

"குறை ஒண்ணுமில்லப்பா. அந்தச் சத்தம் இல்லாம எனக்குத்தான் தூக்கமே வரல. பழசையே மாட்டிடு."