சரியாகாத கை

தங்கையன் ஏமாற்றுகிறார் என்பது சிவப்ரியாவுக்கு அன்று பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிட்டது.

அவர் ஊரான குரும்பகரத்தில் வண்டியை நிறுத்தும்போதே பார்த்தாள். கொம்யூன் பஞ்சாயத்துக் குழாயடியில் நின்ற மனுஷன், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நிறைகுடத்தை வலது கையாலேயே தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாக நழுவினார். அவள் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, மனைவி குஞ்சம்மா நீட்டிய வெறும் டம்ளர் அதே கையிலிருந்து தவறி உருண்டது.

"ஆறு மாசமாச்சு டாக்டரம்மா. இன்னும் இப்படித்தான்" என்று அலுத்துக்கொண்டே குஞ்சம்மா டீ போடப் போனாள்.

பக்கவாதத்தில் விழுந்த கை. சட்டைப் பொத்தான் போடுவது, சோறு பிசைவது என்று அன்றாட வேலைகளை மறுபடி பழக்கிவிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சிவப்ரியா. முதல் நாளே சொல்லிவிட்டாள்: வீட்டு வேலைதான் பயிற்சி. வெங்காயம் உரிக்கணும், பாத்திரம் துலக்கணும், துணி பிழியணும்.

நாற்பது வருஷம் விவசாயச் சங்கக் கொடி பிடித்த கை அது. மேடையில் பெண்ணுரிமை முழங்கிய வாய், வீட்டில் தண்ணி கேட்க மட்டுமே திறந்தது. ஆம்பளை அடுப்படிக்கு வந்தால் ஊர் சிரிக்கும் என்று குஞ்சம்மாவும் விட்டதில்லை. வைத்தியம் என்றதும்தான் வழி விட்டாள்.

சிவப்ரியா, கையின் பிடிமானத்தை அளக்கும் கருவியை அவரிடம் நீட்டினாள். "நல்லா அமுக்குங்கய்யா. குடம் தூக்குனதப் பார்த்துட்டேன்."

முள் ஏறிக்கொண்டே போனது.

"எதுக்கு இந்த நாடகம்? நான் இங்க வர்ற நேரத்துல, பட்டினச்சேரியில ஒருத்தர் சட்டை மாட்ட முடியாம உக்காந்திருக்காரு. உங்க வீட்டம்மாகிட்ட கை சரியாயிட்டுன்னு சொல்லிட்டுக் கிளம்புறேன்."

தடியடிக்கே அசராத மனுஷன் பதறிப்போனார். இனி இங்கே வரவே வேண்டாமாம்; பட்டினச்சேரிக்காரரைப் பார்க்கட்டுமாம். குஞ்சம்மாவிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாதாம்.

"ஏன்?"

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்கு முழங்கால் ரெண்டும் போயிட்டும்மா. சுவத்தப் புடிச்சுக்கிட்டுதான் சமைக்கிறா. ஒரு வார்த்தை சொன்னதில்ல. பக்கத்துல நின்னு வெங்காயம் உரிச்சப்பதான் நானே பார்த்தேன். கை சரியாயிட்டுன்னு தெரிஞ்சா, அன்னிக்கே என்னைய அடுப்படியிலேருந்து வெரட்டிடுவா."

குஞ்சம்மா டீயோடு வந்து நின்றாள். "இன்னும் எவ்வளவு நாளைக்கும்மா இந்தப் பயிற்சி?"

சிவப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு டம்ளரை வாங்கினாள்.

"இத நிறுத்தவே கூடாதும்மா. நாளையிலேருந்து சமையலையும் சேத்துக்கச் சொல்லுங்க."