பிறப்புக்கு என்ன போடலாம்?

பிறந்த தேதிக்கு மேலே என்ன வார்த்தை போடுவது என்பதில்தான் இழுபறி.

கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்கு வருகிறவர்கள் பொதுவாக இதையெல்லாம் பார்ப்பதில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே பெயரைச் சொல்வார்கள், படத்தைக் கொடுப்பார்கள். மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் இவள் பார்த்துக்கொள்வாள்.

இந்த அம்மாள் அழவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. புடவைக் கடைக்கு வந்தவள் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் காட்டச் சொன்னாள்.

இவளும் சலிக்காமல் காட்டினாள். வெறும் பிறப்பு என்றால் கீழே இறப்பு. தோற்றம் என்றால் மறைவு, அது யாருக்கும் ஒத்துவரும். உதயம் என்பது கட்சிக்காரர்கள் கேட்டு வாங்குவது; கூடவே அஸ்தமனம் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். ஜனனத்தை இப்போது யாரும் சீந்துவதில்லை. மலர்வு, உதிர்வு சின்ன வயதில் போனவர்களுக்கு. எதைப் போட்டாலும் விலை ஒன்றுதான்.

அம்மாளுக்கு மலர்வு பிடித்துவிட்டது.

பிறந்த வருடத்தை இவள் பார்த்தாள். அறுபதைத் தாண்டிய கணக்கு. இந்த வயதுக்கு மலர்வு போட்டால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள்.

"ஏன், அவளுக்கு என்ன குறைச்சல்? பூ மாதிரிதான் இருந்தா."

அம்மாளின் முகம் சுண்டிப்போனது. செத்தவள் கூடப்பிறந்தவளாக இருக்கும், பாசம் என்று நினைத்து, இவள் மலர்வு என்றே அடித்தாள்.

உதிர்வுக்குத் தேதி கேட்டாள். அம்மாள் நாளைய தேதியைச் சொன்னாள்.

துக்கத்தில் நாள் கிழமை தெரியாமல் பேசுகிறவர்களை இவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு என்ன தேதி என்று மெதுவாக ஞாபகப்படுத்தினாள்.

"தெரியும்மா. நாளைக்குன்னே போடு."

எத்தனை அடிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, பையன் சொல்வான் என்றாள். ஒரே பையன். டிசைனை அவன் போனுக்கு அனுப்பினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்றாள்.

இவளுக்கு ஏதோ இடித்தது. கேட்காமல் படத்தில் கை வைத்தாள். பழைய படம், மடித்து வைத்ததில் முகத்துக்கு நடுவே கோடு விழுந்திருந்தது. கோட்டை அழிப்பதற்காகப் பெரிதாக்கினாள். ஒன்று மட்டும் எவ்வளவு தேய்த்தும் சரியாக வரவில்லை. இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போன அது மடிப்பு இல்லை, தழும்பு.

நிமிர்ந்து பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அதே புருவமும் அதே தழும்பும் நரைத்துப்போய் உட்கார்ந்திருந்தன.

கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்தும் அம்மாள் கூச்சப்படவில்லை. பையன் நாளைக் காலையில் எவளையோ பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். திட்டிப் பார்த்தாயிற்று, பட்டினி கிடந்தும் பார்த்தாயிற்று. இதைப் பார்த்தால் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருவான். மற்றபடி சாகிற உத்தேசமெல்லாம் கிடையாது. நாளை மறுநாள் பல் டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் ரகசியம் பேசுகிற சந்தோஷத்தோடு சொன்னாள்.

இவளுடைய அம்மாவும் ஒருநாள் மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இவள் ஓடித்தான் வந்தாள். காத்திருந்தவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அம்மா இன்றைக்கும் மூன்று வேளையும் குறை சொல்லிக்கொண்டே வயிறாரச் சாப்பிடுகிறாள். இவள்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் சாவுக்கெல்லாம் பூ பார்டர் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

முடியாது என்று சொல்லி எழுப்பி விட்டிருக்கலாம். சொல்லவில்லை.

அவனும் ஓடி வர வேண்டும் என்று இவளுக்கு வெறியே வந்துவிட்டது. வந்துவிட்டால், தான் வந்தது அப்படியொன்றும் முட்டாள்தனம் இல்லை என்று ஆகிவிடும். முகத்தை நன்றாகத் துடைத்து, கன்னத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, அம்மாள் கொடுத்த பையனின் எண்ணுக்கு அனுப்பினாள்.

உடனே பார்த்துவிட்டான்.

அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது கூப்பிடுவான், எடுக்க மாட்டேன், கொஞ்சம் தவிக்கட்டும் என்றாள்.

கைபேசி அடிக்கவில்லை. பதில் கடையின் எண்ணுக்கே வந்தது.

சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது, நீயே படி என்றாள் அம்மாள்.

இவள் முதலில் மனசுக்குள் படித்தாள். தான் ஓடி வந்த அந்த நாள் இவளுக்கு ஞாபகம் வந்தது. பொய்யாக ஏதாவது சொல்லிவிடலாம், ஒரு நொடி வேலைதான். ஆனால் குரலை ஏற்றாமல் இறக்காமல், எல்லாத் திருத்தத்தையும் படிப்பதுபோலப் படித்தாள்.

"மலர்வு வேண்டாம், பிறப்பு என்றே போடுங்கள். மற்றதெல்லாம் சரி. ஐம்பது போதும்."

இவள் வாடிக்கையாளர் சொன்னபடி மலர்வை அழித்துப் பிறப்பு என்று அடித்தாள். உதிர்வையும் மாற்றினாள்.

அம்மாள் மடியிலிருந்த கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்பதுதானா சொன்னான்?"