நாற்பதாவது நிமிடத்தில் பிறந்தவள்

"அடக்கிக்கோடி மரீசா! இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான்!" கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே பெல்மீரோ மகளை அதட்டினார்.

விமானத்தின் கடைசி வரிசையில் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த மரீசா, பெற்ற தகப்பனை அதுவரை சொல்லாத ஒரு வார்த்தை சொன்னாள்.

அட்லாண்டிக் கடல் நடுவே இருக்கும் கோர்வோ தீவில் பிள்ளை உண்டாகலாம், பிறக்க முடியாது. நானூறு பேர் ஊருக்கு எவன் பிரசவ ஆஸ்பத்திரி கட்டுவான்? நாள் நெருங்குமுன்னே கர்ப்பிணிகளை ஃபையால் தீவுக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கடல், நாற்பது நிமிடப் பறப்பு. மரீசாவின் பிள்ளைக்கு அதற்குள் அவசரம் வந்துவிட்டது.

அவள் கணவன் நேலியோவுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, தன் பிள்ளையாவது கோர்வோ மண்ணில் பிறக்க வேண்டும். மாமனார் பெல்மீரோவோ அசல் ஃபையால்காரர்.

"மூஞ்சிய ஏன் மாப்ளே தொங்கப் போட்டிருக்கே? நீயே எங்க ஊர் ஆஸ்பத்திரியில பொறந்தவன்தானே. உங்க ஊர்ல பொறந்ததெல்லாம் மாடுங்க மட்டும்தான்!"

"மாட்டுக்கு இருக்கிற கொடுப்பினைகூட என் பிள்ளைக்கு இல்லையா மாமா? பாதி தூரத்துக்கு முன்னாடி பொறந்தா, அது எங்க ஊருப் பிள்ளைதான்."

"அதெல்லாம் செல்லாது. ஆகாசத்துல பொறந்தா யாருக்கும் சொந்தமில்ல. சக்கரம் தரையத் தொட்ட பிறகு பொறந்தா, அந்த மண்ணோட பிள்ளை. சம்மதமா?"

வேறு வழியில்லாமல் நேலியோ தலையாட்டி வைத்தான்.

சற்று நேரத்தில் விமானம் ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஒலிபெருக்கியில் விமானி ஏதோ சொன்னார். மரீசா போட்ட கூச்சலில் அது கடைசி வரிசையில் ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஜன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"முக்காதேடி! தரை வரட்டும்!"

"நீங்க ஒண்ணு பெத்துக் காட்டுங்க, அப்புறம் பேசுங்க" என்று கூட வந்த நர்ஸ் டோரஸ் அவரை முழங்கையால் இடித்துத் தள்ளினாள்.

'எங்கள் ஊர் மிலாக்ரஸ் மாதாவே, எனக்குக் கிடைக்காவிட்டால் போகிறது, இந்தக் கிழவருக்கும் வேண்டாம். ஆகாசத்திலேயே பிறந்து தொலைக்கட்டும்' என்று நேலியோ மனமுருகி வேண்டிக்கொண்டான்.

மாதா கேட்கவில்லை. சக்கரங்கள் தடாலென்று தரையில் மோதின. விமானம் ஓடி நிற்பதற்குள் குழந்தை வீலென்று அழுதது.

"பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள் டோரஸ்.

பெல்மீரோ கடிகாரக் கையை உயர்த்திக்கொண்டு குதித்தார். "நாப்பது நிமிஷம்! சொல்லி வச்ச மாதிரி! தரை தொட்ட பிறகுதான் தலை வந்துச்சு, நர்ஸம்மா சாட்சி. பேச்சு மாறக் கூடாது மாப்ளே!"

"மாறல மாமா" என்றான் நேலியோ. மகளைக் கையில் வாங்கி நெற்றியில் முத்தமிட்டான். "கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதாடி, கழுதை?"

விமானி வேர்த்து விறுவிறுத்து வந்தார். குழந்தையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, தலையைச் சொறிந்தார்.

"மன்னிச்சுக்கோங்க. ஃபையால்ல பேய்க்காத்து, பாதி வழியிலேயே திருப்பி கோர்வோவுக்கே வந்துட்டோம்."