மலை வருதா?

"பெத்த அப்பாவோட காதை வச்சு ஊரைச் சிரிக்க வைக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்றாள் அம்மா.

மகள் நகத்தைக் கடித்தபடி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் காபிக் கடை மாடியில் அவளுக்கு ஐந்து நிமிஷம். மைக்கைப் பிடித்து, வந்தவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும்.

கூரியர் ஆபீசில் வேலை. மனசு மட்டும் மேடையில். முதல் இரண்டு தடவை ஏறினபோது ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை. "அடுத்த தடவையும் இப்படின்னா, இந்த ஆசையையே தலைமுழுகிடறேன்" என்று அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் காது மந்தமானது.

"மழை வருதுப்பா" என்றால், "மலை வருதா? எங்கம்மா வைக்கறது?" என்பார்.

"சாவியைப் பார்த்தீங்களா?" என்றால், "ஆவியா? நம்ம வீட்லயா?" என்று எல்லா லைட்டையும் போடுவார்.

அவள் அதை அப்படியே மேடையில் அவிழ்த்துவிட்டாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அன்றைக்குச் சாயங்காலமும் அப்படித்தான். இறங்கி வரும்போது ஒரு பெண் வழிமறித்தாள்.

"கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன். எங்க மாமனாருக்கும் இப்படித்தான். யார் பேசறதும் புரியாம, ஒரு மூலையில ஒடுங்கிப் போயிட்டார். உங்கப்பாவை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. காட்டவில்லை. காட்டணும் என்று தோன்றவே இல்லை. காது சரியாகிவிட்டால் ஜோக்குக்கு எங்கே போவது? இப்படியொரு நினைப்பு தனக்குள் பதுங்கியிருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள். விடிந்ததும் லீவு சொல்லிவிட்டு அப்பாவைக் கிளப்பினாள்.

"எனக்கென்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர் முரண்டு பிடித்தார்.

"என் தப்புப்பா. எப்பவோ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும்."

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். உள்ளே அப்பாவின் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. வெளியே அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கடைசியில் டாக்டர் அப்பாவோடு வெளியே வந்தார்.

"கிசுகிசுன்னு சொன்னதைக்கூட ஒரு எழுத்துப் பிசகாம திருப்பிச் சொல்றார். இந்த வயசுல இப்படி ஒரு காது அபூர்வம்மா."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"நான் பக்கத்துல நின்னு சொன்னாலே தப்புத் தப்பாக் கேட்குமே. டாக்டர் சொன்னது மட்டும் எப்படிப்பா சரியாக் கேட்டுச்சு?"

அப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி மெதுவாகச் சொன்னார்:

"அவருக்கு ஜோக் எதுவும் தேவைப்படலையேம்மா."