எடுத்தவர் பெயர்

படம் நன்றாக இருந்தது. அதுதான் தொல்லை.

ஹாக்கி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிறாள். முழங்காலில் செம்மண். பல்லெல்லாம் தெரிகிறது. கேமராவுக்காக வரவழைத்த சிரிப்பு இல்லை.

போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த இவள் டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளினாள்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் புதிதாக வந்து விழும் படங்களைச் சரிபார்ப்பது இவள் வேலை. சம்பளமில்லாத வேலை. ஆபீசின் மதிய இடைவேளையில், ஒரு கை தயிர்சாதத்திலும் ஒரு கை போனிலுமாக.

ஏற்றியவன் மாரீஸ்வரன், கோவில்பட்டி. புது ஆள். பத்திரிகைத் தளங்களிலிருந்து படங்களைச் சுட்டுப் போட்டு ஏற்கனவே எச்சரிக்கை வாங்கியவன். இன்னொன்று சிக்கினால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

படத்தில் இருப்பது அவன் அம்மா, சண்முகக்கனி. மாநில அணிக்கு ஆடியவர். அவரைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரை முன்பே இருக்கிறது. முகம்தான் இல்லை. வீட்டிலும் மட்டையோடு நிற்கிற படம் இது ஒன்றுதானாம்.

எடுத்தவர் பெயர் என்ற கட்டம் காலி.

"யார் எடுத்த படம் தம்பி?" என்று எழுதினாள்.

"எங்க வீட்டுப் படம் அக்கா. ஆல்பத்துல இருக்கு."

வந்துட்டான்யா.

எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். எங்க ஆல்பம். எங்க அம்மா. எங்க காசுல பிலிம் கழுவுனது. ஊரான் எழுதியதை முழுசாக எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் நன்றி என்று ஒரு வார்த்தை சேர்த்தால் பாவம் போய்விடும் என்று நினைக்கிற கூட்டம். எத்தனை பேருக்குத்தான் விளக்குவது.

ஆனாலும் விளக்கினாள். அந்தச் சிரிப்பை நீக்க மனசு வரவில்லை.

ஆல்பம் உங்களுடையது. படம், எடுத்தவருடையது. அவர் சரி என்றால்தான் இங்கே இருக்கலாம்.

மறுநாள் பதில் வந்தது. "யாரோ எடுத்தாங்கன்னு அம்மா சொல்லுதாங்க."

யாரோ என்று ஒரு ஆள் உலகத்தில் கிடையாது. நல்லாக் கேளுங்கள் என்றாள். சந்தேகம் இருந்தால் கூப்பிடச் சொல்லி நம்பரையும் கொடுத்தாள்.

அவன் சித்தியைக் கேட்டிருக்கிறான். எடுத்தது முத்துப்பேச்சி. அம்மாவோடு ஆடியவர். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். மாநில அணிக்கான பட்டியலை ஒட்டிய அன்று, மைதானத்திலேயே, அண்ணனிடம் இரவல் வாங்கிய கேமராவில் எடுத்தது.

பட்டியலில் சண்முகக்கனி பெயர் இருந்தது. முத்துப்பேச்சி பெயர் இல்லை.

இப்போதும் அதே ஊர்தான். பேச்சுவார்த்தை கிடையாது.

இருந்தால் என்ன, ஆள் கிடைத்தாயிற்று. ஒப்புதல் கடிதத்தின் மாதிரியை இவள் அனுப்பிவைத்தாள். முத்துப்பேச்சி பெயரை நிரப்பி மின்னஞ்சல் செய்தால் போதும்.

மறுநாள் சாயங்காலம் மாரீஸ்வரன் கூப்பிட்டான்.

"படமே வேண்டாம் அக்கா. எடுத்துருங்க."

அம்மா அழுகிறாராம்.

பட்டியல் போடுவதற்கு முதல் நாள் கோச் கேட்டிருக்கிறார், முத்துப்பேச்சிக்குக் கால் எப்படி இருக்கு என்று. அவள் வலியை மறைத்துக்கொண்டு ஆடியது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கோச்சிடம் சொல்லிவிட்டார். அணியில் மிச்சம் இருந்தது ஒரே இடம்.

சொன்னது முத்துப்பேச்சிக்குத் தெரியாது. தெரியாமல்தான் சிரிடி என்று சொல்லிப் படம் எடுத்தாள். அதற்கப்புறம் அவள் முகத்தில் முழிக்க அம்மாவால் முடியவில்லை.

"'அவகிட்டப் போய்க் கேட்டுராதல'ங்காங்க. நான் காலையிலேயே போயிட்டு வந்துட்டேன் அக்கா."

"என்ன சொன்னாங்க?"

"லெட்டர் மாதிரியை வாங்கி வச்சுக்கிட்டாங்க. காபி குடுத்தாங்க. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கான்னு கேட்டாங்க."

இவளுக்குச் சங்கடமாக இருந்தது. யார் எடுத்தது என்றுதானே கேட்டோம். படத்தை நீக்குவதற்குக் கொஞ்சம் பொறுங்கள் என்றாள்.

மறுநாள் மதியம் கடிதம் வந்தது. முத்துப்பேச்சியின் மகளுடைய மின்னஞ்சலிலிருந்து.

மாதிரியில் இருந்தபடியே இருந்தது. நான் எடுத்த இந்தப் படத்தை யாரும், எதற்கும் பயன்படுத்தலாம். என் பெயரைக் குறிப்பிட வேண்டும். இந்த ஒப்புதலைத் திரும்பப் பெற முடியாது என்பதை அறிவேன்.

அதற்குக் கீழே, மாதிரியில் இல்லாதது கொஞ்சம்.

"கால் விஷயத்தை அவதான் சொன்னான்னு கோச் அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான் எடுத்தேன்."

இவள் திரும்பவும் படித்தாள். டப்பாவை மூடி வைத்தாள்.

ஒப்புதல் கடிதத்தில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது. விதி. படத்தை ஏற்றியவனுக்கும் சொல்லக் கூடாது. கடிதம் வந்தது, சரியாக இருக்கிறது என்று குறிக்கலாம், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் இவள் அதை மீறியதில்லை. மீறியவர்களைச் சும்மா விட்டதும் இல்லை.

கட்டத்தில் முத்துப்பேச்சி என்று நிரப்பினாள். ஒப்புதல் கிடைத்தது என்று குறித்தாள்.

கை கழுவிவிட்டு வந்து கோவில்பட்டிக்குப் போன் போட்டாள்.

"படத்தை எடுத்தாச்சா அக்கா?" என்றான் மாரீஸ்வரன்.

"எடுக்கணுமா வேண்டாமான்னு அம்மா சொல்லட்டும் தம்பி. போனை அவங்ககிட்ட குடுங்க."