சரவணைக் கிணற்றில் மச்சம்

நுளம்புத் தடுப்பு ஆய்வாளர் ஆழ்வாப்பிள்ளை பரம சைவர். மீன் வெட்டிய கத்தியால் நறுக்கிய வெங்காயத்தையும் தொடமாட்டார்.

நுளம்பு எனும் கொசுவின் புழுக்களைத் தின்னும் மீன்குஞ்சுகளைச் சரவணைக் கிராமத்துக் கிணறுகளில் விட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு கிணறு விடுபட்டாலும் ஆய்வு நிறைவேறாது. ஒரு கிணற்றின் சொந்தக்காரரான இலட்சுமிப்பிள்ளை அம்மையாரோ தேநீர் தந்து உபசரித்தாரேயன்றி மீனுக்கு இணங்கினாரல்லர்.

"நாங்கள் மச்சம் மாமிசம் தொடாத சைவக்காரர், ஐயா. மச்சம் நீந்தின தண்ணியிலை சமைக்கேலாது!"

ஆழ்வாப்பிள்ளை தேநீரைக் குடித்து முடித்து, கிணற்றிலிருந்து ஒரு வாளி நீர் அள்ளிக் காட்டினார்.

"இதிலை நெளியிற புழுவும் மச்சந்தானே, அக்கா? இவ்வளவு நாளும் நீங்கள் குடிச்சது மச்சத் தண்ணி!"

அம்மையார் திடுக்கிட்டார்.

"ஐயையோ! அப்ப மீனை விடுங்கோ. ஆனால், அந்தத் தண்ணியைக் கொதிக்க வைச்சல்லோ உங்களுக்குத் தேத்தண்ணி தந்தனான்? நீங்கள் குடிச்சது மச்சம் அவிச்ச சொதி!"

ஆழ்வாப்பிள்ளை மீன்களைக் கிணற்றில் விட்டார். இனிக் களப்பணியில் இளநீர் மட்டுமே பருகுவதென்று முடிவுசெய்தார்.